விழிஞ்ஞம் ஆண்ட கருநந்தடக்கன்

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிக் கோவளத்தைத் தாண்டினால் விழிஞ்ஞம் வந்துவிடும். இறங்கியதும் மீன் வாடை எதிர்கொள்ளும். ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் மாதா கோயில், நடுவே வரிசையாக வள்ளங்கள். சற்றுத் தள்ளித் தெற்கே, பாறைகளைக் கடலில் கொட்டிக் கட்டிய பெரிய துறைமுகம். 2024 ஜூலையில் அங்கே முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2ந் தேதி பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கேரளத்துக்கு ஒரு புதிய துறைமுகம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

துறைமுகம் புதியது, துறை பழையது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடற்கரையில் கோட்டை இருந்தது, அரண்மனை இருந்தது, அரசன் இருந்தான். அவன் எழுதிவைத்த சாசனம் தமிழில் இருக்கிறது. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் கடல் காட்ட விழிஞ்ஞம் போகிற நம்மவரில் எத்தனை பேருக்கு அவன் பெயர் தெரியும்?

கோக்கருநந்தடக்கன் என்பது அவன் பெயர். ஆய் குலத்து அரசன். 857 முதல் 885 வரை ஆண்டான் என்று சரித்திர ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவன் பிறந்த நாள், தாய் பெயர், முகத் தோற்றம் எதையும் சாசனங்கள் சொல்லவில்லை. அவன் செய்த ஒரு காரியத்தை மட்டும் வெகு விவரமாகச் சொல்கின்றன. அந்த ஒரு காரியமே அவனை யாரென்று காட்டப் போதும்.

பொதியமலை வம்சம்

ஆய் என்றதும் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்களுக்குக் கடையெழு வள்ளல்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவனான ஆய் அண்டிரன் பொதியமலை நாட்டை ஆண்டவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற புலவர் அவனைப் பாடிப் பரிசில் பெற்றார். யானைகளை வாரிக் கொடுத்தவன் என்று பெயர் வாங்கியவன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பூகோளம் எழுதிய கிரேக்க அறிஞர் தாலமியும் குமரிமுனையை ஒட்டிய ஆய் நாட்டைக் குறிப்பிட்டிருக்கிறார். சேர, சோழ, பாண்டியரைப் போல் பெரிய வம்சம் அல்ல. ஆனால் அவர்களைப் போலவே பழைய வம்சம்.

அண்டிரன் காலத்துக்குப் பின் சில நூறு ஆண்டுகள் இந்த வம்சத்தைப் பற்றி அதிகம் செய்தி இல்லை. மறுபடி அவர்கள் வெளிச்சத்துக்கு வரும்போது, மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். விழிஞ்ஞம் அவர்களுடைய கோட்டையாகவும் துறையாகவும் இருக்கிறது.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் உண்டு. கேரளக் கடற்கரையில் பல இடங்களில் மணல் சேர்ந்து கரை ஆழமில்லாமல் இருக்கும். விழிஞ்ஞத்தில் கரைக்கு மிக அருகிலேயே ஆழம். இன்றைய இஞ்சினீயர்கள் துறைமுகத்துக்கு இந்த ஊரைப் பிடித்ததும் அதனால்தான். கேரளப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்து பார்த்தபோது மேற்கு ஆசிய நாடுகளின் மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. வெளிநாட்டுக் கப்பல் வந்தால் சுங்கம் வரும். சுங்கம் வரும் ஊரின் மேல் பக்கத்து அரசர்களுக்குக் கண் இருக்கும்.

மூன்று தலைமுறைப் போர்

பக்கத்து அரசர் என்றால் முதலில் பாண்டியர். நெல்லைச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் படை நடத்தினால் ஆய் நாடு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையை ஆண்ட பராந்தக நெடுஞ்சடையன் விழிஞ்ஞத்தின் மேல் படையெடுத்து அழித்ததைத் தன் ஸ்ரீவரமங்கலச் செப்பேட்டில் பெருமையாக எழுதிக்கொண்டான். கடலே அகழியாக அமைந்த கோட்டை என்று அதில் விழிஞ்ஞத்துக்கு வருணனை. தோற்ற ஊரை உயர்த்திச் சொன்னால்தானே வென்றவனுக்குப் பெருமை! யானைகளையும் குதிரைகளையும் பொக்கிஷத்தையும் கொண்டுபோனான்.

அத்தோடு நிற்கவில்லை. அவனுடைய 23ஆம் ஆட்சியாண்டில் மறுபடியும் போர். இந்த முறை மலைநாட்டுச் சடையன் கருநந்தன் என்ற ஆய் அரசன் மேல். அருவியூர்க் கோட்டை தகர்க்கப்பட்டது. அந்தப் போரில் மாண்ட பாண்டிய வீரர்களின் நினைவாகச் செய்த தர்மத்தைக் கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள கழுகுமலைக் கல்வெட்டு சொல்கிறது. கழுகுமலை முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் மலை மேல் ஏறிச் சமணச் சிற்பங்களைப் பார்த்தால், விழிஞ்ஞத்துச் சண்டையின் செலவுக் கணக்கும் அங்கே எழுதியிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

நான்கு ஆண்டு கழித்து, 27ஆம் ஆட்சியாண்டில் சேரர் படை வந்தது. பாண்டியர் பிடித்து வைத்திருந்த விழிஞ்ஞத்தையும் கரைக்கோட்டையையும் மீட்கச் சேரர் முயன்றார்கள். இரணகீர்த்தி என்ற பாண்டிய வீரன் அந்தச் சண்டையில் இறந்தான். அவனுக்கு எழுப்பிய கல் திருவனந்தபுரம் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்து வந்த பாண்டியன் சீமாற சீவல்லபனும் விழிஞ்ஞத்தில் வென்றதாகச் சின்னமனூர்ச் செப்பேடு கூறுகிறது. குண்ணூர், சிங்களம், விழிஞ்ஞம் என்று அவன் வெற்றிப் பட்டியல் போகிறது.

ஆக, நம் கதாநாயகன் பட்டத்துக்கு வந்தபோது அவன் கைக்கு வந்தது மூன்று தலைமுறையாக அடிபட்ட ஒரு நாடு. கிழக்கே பாண்டியன். வடக்கே, கொல்லத்தில், சேரப் பெருமாளுக்கு அடங்கிய வேணாட்டு ஆட்சியாளர்கள். அங்கே 849ல் அய்யனடிகள் திருவடிகள் கிறிஸ்தவ வணிகர்களுக்குத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொடுத்துத் தன் துறையை வளர்த்துக்கொண்டிருந்தான். மேற்கே கடல். கருநந்தடக்கனுக்கு ஓடி ஒளியக்கூட அதிக இடமில்லை.

அதே காலத்தில் இன்னொரு அரசன்

இங்கே கொஞ்சம் தூரதேசம் போய்வரலாம். ஏறக்குறைய இதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் வெஸ்ஸெக்ஸ் என்ற சிறு ராஜ்யத்தை ஆல்பிரட் ஆண்டான். 871ல் பட்டத்துக்கு வந்தான், 899ல் இறந்தான். டேனியர் என்றும் வைக்கிங்குகள் என்றும் சொல்லப்படும் கடற்கொள்ளைக்காரர்கள் நீண்ட படகுகளில் வந்து பக்கத்து ராஜ்யங்களை ஒவ்வொன்றாக விழுங்கியிருந்தார்கள். 878 குளிர்காலத்தில் திடீரென்று தாக்கப்பட்டு, ஆல்பிரட் சதுப்பு நிலத்தில் ஒளிந்து வாழ்ந்தான். ஒரு குடியானவள் வீட்டில் ரொட்டியைக் கருகவிட்டுத் திட்டு வாங்கிய கதை ஆங்கிலப் பாடத்தில் சிலர் படித்திருக்கலாம். கதை பின்னால் வந்தது. ஆனால் ஒளிந்தது உண்மை. அதே ஆண்டு படை திரட்டி எடிங்டன் என்ற இடத்தில் டேனியரை வென்றான்.

வென்ற பிறகு அவன் செய்ததுதான் முக்கியம். கோட்டை ஊர்களைக் கட்டினான். அத்தோடு அரண்மனையிலேயே பள்ளிக்கூடம் வைத்தான். லத்தீன் நூல்களைத் தன் மக்கள் பேசும் மொழியில் பெயர்க்கச் செய்தான். தானே சிலவற்றைப் பெயர்த்தான். படித்தவர்கள் அற்றுப் போன நாட்டைக் கத்தியால் மட்டும் காப்பாற்ற முடியாது என்று அவன் கருதினான்.

883ல் ஆல்பிரட் இரண்டு பேர் கையில் இந்தியாவிலுள்ள தோமையார் கோயிலுக்குக் காணிக்கை அனுப்பினான் என்று அந்நாட்டுப் பழைய ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அவர்கள் வந்து சேர்ந்ததற்கு இந்தப் பக்கத்தில் சான்று இல்லை. எழுதியவர் ஊர்ப் பெயரைத் தவறாக எழுதிவிட்டார் என்பாரும் உண்டு. அந்த 883ல் விழிஞ்ஞத்தில் ஆண்டவன் நம் கருநந்தடக்கன். இவன் பெயரை அவனோ, அவன் பெயரை இவனோ கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் தோன்றிய எண்ணம் ஒன்றுதான். அதிலும் நம் ஊர்க்காரனுக்கு அது முதலில் தோன்றியது.

மதுரை வீழ்ந்தது

862ஐ ஒட்டிப் பாண்டிய நாட்டில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. சீமாற சீவல்லபன் முன்பு இலங்கைக்குப் படை நடத்தி அநுராதபுரத்தைக் கொள்ளையிட்டிருந்தான். அந்தக் கணக்கைத் தீர்க்க இரண்டாம் சேனன் என்ற சிங்கள அரசன் மதுரைக்குப் படை அனுப்பினான். மதுரை பிடிபட்டது. பறிபோன பொன்னையும் மணியையும் சிங்களவர் திரும்ப எடுத்துப் போனார்கள். சீமாறன் காயம்பட்டு மாண்டான் என்று சிங்கள நூல் கூறுகிறது. இரண்டாம் வரகுணன் அரியணை ஏறினான்.

விழிஞ்ஞத்தை மூன்று தலைமுறையாக மிதித்த கால் சற்று நொண்டியது. வேறொரு சிற்றரசனாக இருந்தால் இதுதான் சமயம் என்று நெல்லைச் சீமைக்குள் புகுந்து நாலு ஊரைப் பிடித்திருப்பான்; பத்து வருஷத்தில் அதை இழந்தும் இருப்பான். கருநந்தடக்கன் அப்படிப் படை எடுத்ததாக எந்தச் சாசனமும் இல்லை. கிடைத்த மூச்சை அவன் வேறு விதமாகச் செலவிட்டான்.

மதுரை வீழ்ந்து நாலு ஆண்டு ஆனதும், அவனுடைய 9ஆம் ஆட்சியாண்டில், ஒரு கல்விச் சாலையைத் திறந்தான். தேதி துல்லியமாக இருக்கிறது. கலியுகம் தொடங்கி 14,49,087ஆம் நாள் என்று செப்பேட்டில் எழுதியிருக்கிறான். கணக்குப் போட்டால் 866ஆம் ஆண்டு ஜூலை மாதம் வருகிறது. அந்தக் காலத்து அரசர்களில் பெரும்பாலோர் தம் ஆட்சியாண்டை மட்டும் எழுதுவார்கள். அந்த அரசன் எந்தக் காலத்தவன் என்று பின்னால் வருகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இவன் ஒருவன் நாளைக்கூட விடாமல் எண்ணி எழுதினான். சரித்திரக்காரர்கள் இந்த நன்றியை மறப்பதில்லை.

பார்த்திவசேகரபுரம்

அவன் தேர்ந்தெடுத்த இடம் தலைநகரில் இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து தென்கிழக்கே, முஞ்சிறைக்கு அருகில் உழக்குடிவிளை என்ற நிலம். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் புறப்படும் திருமலைக் கோயில் இருக்கிறதே, அந்த முஞ்சிறைதான். நிலம் முஞ்சிறைச் சபையாருக்குச் சொந்தம். அரசன் நினைத்தால் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவன் அப்படிச் செய்யாமல், தன் நிலத்தைச் சபையாருக்கு மாற்றாகக் கொடுத்து அந்த இடத்தை வாங்கினான். அக்காலத்தில் பெண் யானையை நடக்கவிட்டு நிலத்துக்கு எல்லை வகுப்பார்கள். சாசனம் எழுதிச் செம்பில் வெட்டுவார்கள். இந்த நில மாற்றம் செப்பேட்டில் ஏறியதால்தான் நமக்கு விவரம் தெரிகிறது. பத்திரப் பதிவு ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதைப் படித்தால் முகம் மலர்வார்கள்.

அங்கே விஷ்ணுவுக்கு ஒரு கோயில் எழுப்பினான். ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். பார்த்திவசேகரன் என்றால் அரசர்களின் முடிமணி. அது அவனுடைய பட்டப் பெயர். கோயிலோடு சேர்த்து ஒரு சாலை அமைத்தான்.

சாலை என்றதும் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குச் சாலைக் கடைவீதி நினைவுக்கு வரும். இது அந்தச் சாலை அல்ல. மாணவர்கள் தங்கி, சாப்பிட்டு, படிக்கும் இடத்துக்கு அன்று சாலை என்று பெயர். இதற்கு முன்பே காந்தளூரில் ஒரு பெரிய சாலை இருந்தது. அதன் முறைப்படியே இதையும் நடத்த வேண்டும் என்று கருநந்தடக்கன் எழுதினான். காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இன்றைய வலியசாலை என்பது பலர் கருத்து. தம்பானூரிலிருந்து நடந்து போகும் தூரம்தான். வேறு இடம் சொல்வோரும் இருக்கிறார்கள். ஆனால் வலியசாலை மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களுக்குச் சட்டர் என்று பெயர். மொத்தம் 95 இடங்கள். பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14. முறையே ரிக், யஜுர், சாம வேதத்துக்காரர்கள். வந்தவர்களை எல்லாம் சேர்த்துவிடவில்லை. இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். புரோகிதம் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் வியப்பானது. மூன்று ராஜ்யங்களின் வியவகாரத்துக்குத் தகுதி வேண்டும் என்று சாசனம் கேட்கிறது. மூன்று ராஜ்யம் என்பது சேர, சோழ, பாண்டிய ராஜ்யங்கள். அங்கெல்லாம் அரசு காரியம் பார்க்கத் தெரிந்தவன்தான் இந்தச் சாலையில் இடம் பெறலாம்.

குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதி, எல்லை தாண்டி வந்து, இரண்டு மொழியிலும் பைல் பார்க்கக் கற்றுக்கொண்ட நம்மவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாண்டியனும் சேரனும் நெருக்கும் இடத்தில் இருந்த ஒரு சிற்றரசன், தன் நாட்டில் படித்தவன் அந்த மூன்று தர்பாரிலும் போய் நின்று பேசத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று விரும்பினான். படை குறைவாக உள்ளவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருந்திருக்க முடியும்? இது என் ஊகம்தான். ஆனால் விழிஞ்ஞம் பட்ட பாட்டைப் பார்த்தபின் வேறு மாதிரி ஊகிக்கத் தோன்றவில்லை.

சாலைக்கு ஒழுங்கு விதிகளும் எழுதினான். இவற்றைப் படிக்கும்போது ஆயிரம் ஆண்டு மறைந்துபோய், ஒரு ஹாஸ்டல் வார்டனின் கவலை கண்முன் வருகிறது. சட்டர்கள் தங்களுக்குள் வைதுகொள்ளக் கூடாது. வைதால் பொன் அபராதம். சாலையின் நிலத்தை உழும் குடிகளிடம் வம்பு செய்யக் கூடாது, அதற்கும் தண்டனை. கூட்டம் கூடும் இடத்துக்கு ஆயுதம் எடுத்து வரக் கூடாது. ஆயுதத்தால் ஒருவனைக் காயப்படுத்தினால் சாலையில் இடம் போய்விடும். மடத்தில் வேலைக்காரப் பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. விதி மீறியவனுக்குச் சாப்பாடு நிறுத்தம் என்பதும் உண்டு.

வேதம் படிக்க வந்தவர்கள் கையில் ஆயுதம் ஏன் என்ற கேள்வி எழும். காந்தளூரிலும் இங்கும் சட்டர்களுக்கு ஆயுதப் பயிற்சியும் இருந்தது என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். நாடு இருந்த நிலையில் அது நடக்கக்கூடியதே. மலையாளத்தில் சட்டம்பி என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று அதற்கு ரவுடி என்று பொருள். முன்பு வகுப்பில் தலைமை மாணவனுக்கு அந்தப் பெயர். சட்டம்பி சுவாமிகளுக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான். அந்தச் சொல்லுக்கு மூலம் இந்தச் சட்டர்கள்தான் என்று சொல்வார்கள். படித்தவனும் அடிதடிக்காரனும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தார்கள் என்பதற்கு இந்தச் சாலை விதிகளே விளக்கம் தருவதுபோல் இருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்த 95 இடமும் வேதப் பிராமணர்களுக்கு மட்டுமே. சாலைக்கு நெல் அளந்த உழவர் வீட்டுப் பிள்ளைக்கோ, விழிஞ்ஞத்தில் வலை இழுத்த பரதவர் வீட்டுப் பிள்ளைக்கோ அங்கே இடம் கிடையாது. அவர்கள் உழைப்பில்தான் அடுப்பு எரிந்தது. குடிகளை வைதால் அபராதம் என்று எழுதிய அளவுக்கு அரசனுக்கு அவர்கள் மேல் நினைப்பு இருந்தது. அதற்கு மேல் அந்தக் காலம் போகவில்லை.

அடங்கியவனா, அடங்காதவனா?

கருநந்தடக்கனைப் பற்றி அறிஞர்களிடையே ஒரு வழக்கு உண்டு. அவன் சுதந்திர அரசனா, பாண்டியனுக்கு அடங்கியவனா? செப்பேட்டில் அவனுக்குச் சீவல்லபன் என்றும் பெயர் வருகிறது. அது விழிஞ்ஞத்தை வென்ற பாண்டியனின் பெயர். அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன் பெயர் விக்கிரமாதித்த வரகுணன். வரகுணன் என்பதும் பாண்டியன் பெயர். மேலாதிக்க அரசனின் பெயரைச் சிற்றரசர் சூடுவது அக்கால வழக்கம். ஆகவே அடங்கியவனே என்பது ஒரு கட்சி.

ஆனால் செப்பேட்டில் அவன் எழுதிய ஆட்சியாண்டு அவனுடையது, பாண்டியனுடையது அல்ல. ஊருக்கு வைத்த பெயரும் சீவல்லபபுரம் அல்ல, பார்த்திவசேகரபுரம். மேலுக்குப் பாண்டியன் பெயரைத் தாங்கிக்கொண்டு, தன் நாட்டுக்குள் தன்னை அரசர்களின் முடிமணி என்று எழுதிக்கொண்டவனைத் தந்திரசாலி என்று சொல்லலாம். வணங்க வேண்டிய இடத்தில் வணங்கி, செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு போகிறவர்களை நாம் ஆபீசுகளில் பார்த்ததில்லையா?

இருபத்தெட்டு ஆண்டு அவன் ஆட்சி நடந்தது. அந்தக் காலத்தில் விழிஞ்ஞம் எரிந்ததாக யாரும் பெருமை எழுதிக்கொள்ளவில்லை. அவன் தந்திரமும் இதற்குக் காரணமாகலாம். பாண்டியர் வடக்கே சோழ, பல்லவரோடு மல்லுக்கட்டியதும் காரணமாகலாம். 880ஐ ஒட்டிக் கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் நடந்த போரில் இரண்டாம் வரகுண பாண்டியன் தோற்றான். பாண்டியப் பேரரசு அதன்பின் பழையபடி எழவில்லை.

அவனுக்குப் பின்

விக்கிரமாதித்த வரகுணன் நாற்பது ஆண்டளவு ஆண்டான். கருநந்தடக்கன் விட்டுச்சென்ற அமைதி அவன் காலத்துச் சாசனங்களில் தெரிகிறது. அவற்றில் போர்ச் செய்தி குறைவு. தானச் செய்தி அதிகம். வட பரவூர் பாலியம் வீட்டில் கிடைத்த செப்பேட்டில், ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தப் பள்ளிக்கு அவன் நிலம் கொடுத்தது எழுதியிருக்கிறது. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், அவனுடைய 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி அம்மன் திருமேனிக்குப் பொன் ஆபரணம் கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. விஷ்ணு கோயில் கட்டிய வம்சத்தில் புத்தருக்கும் சமணருக்கும் இடம் இருந்தது. சிதறாலுக்கு இன்று படியேறிப் போகும் பிள்ளைகள் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

பிறகு சோழர் வந்தார்கள். முதலாம் இராஜராஜன் 985ல் பட்டம் ஏறிச் சில ஆண்டுகளில் காந்தளூர்ச் சாலையைத் தாக்கினான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன், தன் வெற்றிகளை அடுக்கும்போது எடுத்த எடுப்பில் சொல்வது இந்தக் காந்தளூரைத்தான். அங்கே கலத்தை அறுத்தான் என்கிறான். கலம் என்றால் கப்பல் என்று ஒரு சாரார். உண்கலம், அதாவது சாலையின் இலவசச் சாப்பாடு என்று மற்றொரு சாரார். நூறு ஆண்டாக நடக்கும் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும், தஞ்சாவூர்ச் சக்கரவர்த்தி தன் முதல் வெற்றியாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சாலைகள் பலம் பெற்றிருந்தன என்பது தெரிகிறது. விழிஞ்ஞத்தையும் சோழர் பிடித்தார்கள். இராஜேந்திர சோழப்பட்டினம் என்று பெயரையும் மாற்றினார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆய் நாடு மெல்ல மெல்ல வேணாட்டோடு கலந்தது. வேணாடு பின்னால் திருவிதாங்கூர் ஆயிற்று.

கருநந்தடக்கனின் செப்பேடு எப்படியோ தப்பியது. திருவிதாங்கூர் அரசின் ஹுஜூர் கச்சேரியில் பழைய ஆவணங்களோடு இருந்ததால் ஹுஜூர் ஆபீஸ் செப்பேடு என்று அதற்குப் பெயர் வந்தது. திருவிதாங்கூர்த் தொல்பொருள் இலாகாவின் தலைவராக இருந்த டி.ஏ. கோபிநாதராவ் அதைப் படித்து அச்சிட்டார். அதன் பிறகுதான் இப்படி ஒரு அரசன் இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

1956 நவம்பர் 1ந் தேதி மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது, அவன் நாடும் இரண்டாகப் பிரிந்தது. கோட்டை இருந்த விழிஞ்ஞம் கேரளத்தில் நின்றது. பார்த்திவசேகரபுரம் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று அதற்குப் பார்த்திவபுரம் என்று பெயர். புதுக்கடைக்கு அருகில் இருக்கிறது. களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டி ஊருக்குப் போகிற நம்மவர் பலர், அதற்குச் சில மைல் தூரத்திலேயே மாதம் ஒருமுறை கடந்துபோகிறார்கள்.

விழிஞ்ஞத்தில் பார்க்க விரும்பினால் ஒரு சிறு குகைக் கோயில் உண்டு. தொல்பொருள் இலாகா பாதுகாக்கிறது. ஒற்றைப் பாறையைக் குடைந்தது. 8ஆம் நூற்றாண்டு என்பார்கள். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச் சுவரில் ஒரு புறம் திரிபுரம் எரித்த சிவன், மறுபுறம் ஆடும் சிவனும் பார்வதியும். இரண்டும் முடியவில்லை, உருவம் பாறையிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டான். பார்த்திவபுரத்தில் பெருமாளுக்குப் பூசை நடக்கிறது. தொண்ணூற்றைந்து பேர் உண்டு படித்த சாலை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் அங்கே காட்டுவதற்கு ஒரு கல்லும் இல்லை.